பாரிசில் ஊர்க்காரர்கள் வாங்கும் பாஸையே வாங்குங்கள்

"பாரிசுக்குப் போறோம், எந்த பாஸ் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் பதிலுக்குக் கேட்கும் முதல் கேள்வி, என்ன கிழமை போய் இறங்குறீங்க என்பதுதான். எத்தனை நாள், எங்கே தங்கல், குழந்தைகள் உண்டா என்பதெல்லாம் அப்புறம். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே என்னைக் கேட்டுவிட்டால் ரொம்ப நல்லது. ஏனென்றால் மெட்ரோ, ரயில், பஸ் எல்லாவற்றுக்குமான பாரிசின் வாரப் பாஸ், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கணக்காகாது. திங்கள் தொடங்கி ஞாயிறு நள்ளிரவோடு முடிந்துவிடும். புதன்கிழமை வாங்கினாலும் அதே விலை, அதே ஞாயிறு. வெள்ளிக்கிழமை ஆகிவிட்டதா, அந்த வாரத்துக்கானதை விற்கவே மாட்டார்கள், அடுத்த வாரத்துக்கானதுதான் கிடைக்கும்.

புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு பாரிசில் யாராவது ஒரு சொந்தம் இருப்பது பெரிய விஷயமில்லை. என் பெரியம்மா மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து லா கூர்னேவில் இருக்கிறாள், பாரிசுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் புறநகர் ஊர். அவள் வீட்டில் தங்கித்தான் நான் அந்த நகரத்தைப் பார்த்திருக்கிறேன், அம்மாவையும் அழைத்துப் போயிருக்கிறேன். அதனால் நான் சொல்வது ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஓட்டல் எடுத்துத் தங்குகிறவர்களின் கணக்கு இல்லை. தினமும் புறநகரிலிருந்து ஊருக்குள் போய்த் திரும்பும் ஒரு விருந்தாளியின் கணக்கு. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஓட்டல்காரர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சரி, விலை. நான் இங்கே சொல்வதெல்லாம் 2025 விலை, ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் ஏறும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாரப் பாஸ் 31.60 யூரோ. இதை நவிகோ செமேன் என்பார்கள். நவிகோ என்பது பாரிசும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல் த பிரான்ஸ் வட்டாரம் முழுவதற்குமான போக்குவரத்து அட்டையின் பெயர். மெட்ரோ, ஆர்.இ.ஆர். என்று சொல்லப்படும் வேகப் புறநகர் ரயில், சாதாரணப் புறநகர் ரயில், டிராம், பஸ், மோன்மார்த்ர் குன்றுக்கு ஏறும் இழுவை ரயில், எல்லாமே இதில் அடக்கம். ஷார்ல் த கோல், ஓர்லி என்ற இரண்டு விமான நிலையங்களும் அடக்கம், ஓர்லியில் ஓடும் ஓர்லிவால் என்ற தனி ரயில் மட்டும் சேராது.

விமான நிலையம் சேரும் என்ற அந்த ஒரு வரியில்தான் பாதி கணக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்த வட்டாரத்துக் கட்டணத்தையே தலைகீழாக மாற்றினார்கள். அதற்கு முன் தூரத்துக்குத் தகுந்த டிக்கெட். அதன் பிறகு மெட்ரோவோ ரயிலோ எங்கிருந்து எங்கே போனாலும் ஒரு பயணம் 2.50 யூரோ, பஸ் அல்லது டிராம் என்றால் 2 யூரோ. வெர்சாய் அரண்மனைக்குப் போனாலும் 2.50, அடுத்த ஸ்டேஷனில் இறங்கினாலும் 2.50. விமான நிலையம் மட்டும் தனி: ஷார்ல் த கோலுக்கு ரயிலில் போனாலும், ஓர்லிக்கு 14-ஆம் எண் மெட்ரோவில் போனாலும், 13 யூரோ. வர 13, போக 13. திங்களன்று இறங்கி ஞாயிறன்று கிளம்புகிற ஒருவருக்கு விமான நிலையத்துக்கு மட்டுமே 26 யூரோ ஆகிவிடுகிறது, வாரப் பாஸுக்கு மிச்சம் இருப்பது 5.60 யூரோதான். மூன்றாவது மெட்ரோ பயணத்திலேயே பாஸ் போட்ட காசை எடுத்துவிடும். அட்டைக்கு முதல் தடவை தனியாக 5 யூரோ கொடுக்க வேண்டும், அதையும் சேர்த்தால்கூட ஐந்தாவது பயணம். முதல் நாளே முடிந்துவிடுகிற கணக்கு இது.

வியாழன் மாலை இறங்கி அடுத்த செவ்வாய் கிளம்புகிறவர்களுக்கு இதே பாஸ் உதவாது. அவர்கள் இரண்டு வாரங்களின் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நவிகோ ஈஸி என்ற 2 யூரோ அட்டை போதும், அதில் தேவையான டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். நிறைய அலையப்போகும் நாளுக்கு மட்டும் 12 யூரோ ஒருநாள் பாஸையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். ஒருநாள் பாஸில் விமான நிலையம் சேராது, அதுவும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரைதான், மாலை ஆறு மணிக்கு வாங்கிவிட்டு மறுநாள் மாலை வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

இந்தத் திங்கள்–ஞாயிறு விதி எனக்குப் பிடிக்கவே இல்லை. லண்டனில் வங்கி அட்டையால் தட்டிப் போகிறவர்களுக்கு வார உச்சவரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரை என்றுதான் இருக்கிறது, ஆனால் அங்கே ஏழு நாள் டிராவல்கார்டை எந்தக் கிழமையிலும் தொடங்கலாம். பாரிசில் அந்த வழி இல்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, அவர்கள் மாதப் பாஸோ வருடப் பாஸோ வைத்திருப்பார்கள், வேலை வாரம் திங்களில்தான் தொடங்குகிறது. விதியை எழுதியவர்கள் அவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் வந்து போகிற வயதானவர்களும் அந்த நகரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்காக எந்தக் கிழமையிலும் தொடங்கும் ஏழு நாள் பாஸ் ஒன்றை விதி எழுதுகிறவர்கள் கொண்டுவரத்தான் வேண்டும்.

சுற்றுலா வருகிறவர்களுக்கென்று பாரிஸ் விசித் என்று இன்னொரு பாஸ் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து நாள் என்று கிடைக்கும், எந்த நாளிலும் தொடங்கலாம், சில மியூசியங்களில் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு. ஐந்து நாளுக்கு அது வாரப் பாஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை. போகிற ரயில் அதேதான், ஏறுகிற படி அதேதான். பயண வலைத்தளங்களில் முதலில் கண்ணில் படுவது இதுதான், நம்மூர்க் குடும்பங்கள் நாலு பேருக்கு நாலாக வாங்கி வைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஊர்க்காரர்கள் எதை வாங்குகிறார்களோ அதை வாங்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது முதல் காரணம். இன்னொரு காரணம் பணத்தைப் பற்றியதல்ல, அதற்கு வருகிறேன்.

முதலில் வாங்குவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வாரப் பாஸை ஈஸி அட்டையில் ஏற்ற முடியாது. அதற்கு நவிகோ தேகூவெர்த் என்ற அட்டை வேண்டும். அந்த வட்டாரத்தில் வாழாதவர்களும் வாங்கலாம், முகவரிச் சான்று எதுவும் கேட்கமாட்டார்கள். கவுன்ட்டரில் 5 யூரோ கொடுத்தால் அட்டையோடு இன்னொரு சின்னத் துண்டும் தருவார்கள், அதில் உங்கள் பெயரை எழுதி, உங்கள் படத்தை ஒட்ட வேண்டும். படம் இரண்டரை சென்டிமீட்டர் அகலம், மூன்று உயரம். நம்மூர் ஸ்டூடியோவில் எடுக்கும் பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கத்தரியால் ஓரம் வெட்டினால் சரியாக வரும். அதனால் கிளம்பும்போதே படத்தை வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் இறங்கி, பதினோரு மணி நேரப் பயணக் களைப்போடு, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போட்டோ எடுக்கும் கூண்டைத் தேடுவது தேவையில்லாத வேலை. படம் ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் கட்ட வேண்டும், காசு கொடுத்துத்தான் பாஸ் வாங்கினேன் என்று சொல்லிப் பயனில்லை.

போனிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் முதலிலேயே வந்துவிட்டது, ஐபோனில் 2024 மே மாதம் வந்தது, ஒலிம்பிக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால். இல் த பிரான்ஸ் மொபிலிதே என்ற அந்த வட்டாரப் போக்குவரத்து அமைப்பின் செயலியில் வாங்கலாம். இளைஞர்களுக்கு இது வசதிதான். என் அம்மா மாதிரி ஆட்களுக்கு அட்டைதான் நல்லது. பேட்டரி தீராது, கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், தட்டினால் கதவு திறக்கும். 2 யூரோ ஈஸி அட்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதில் பெயர் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே அட்டையில் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். அக்கா வீட்டு ஷோகேஸ் டிராயரில் விருந்தாளிகளுக்கென்றே இரண்டு மூன்று கிடக்கும், பழைய டிக்கெட் மிச்சத்தோடு. தேகூவெர்த் அப்படி இல்லை, பெயரும் படமும் போட்டவருக்கு மட்டும்தான். அதைத் தூக்கிப் போடாதீர்கள், வருடக்கணக்கில் செல்லும், அடுத்த தடவை போகும்போது வார விலை மட்டும் கட்டினால் போதும்.

குழந்தைகள் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதுக்குக் கீழே இலவசம். நான்கிலிருந்து ஒன்பது வயது வரை டிக்கெட் பாதி விலை. விருந்தாளியாக வரும் குழந்தைக்கு வாரப் பாஸில் சலுகை கிடையாது, அதனால் அவர்களுக்குப் பாதி விலை டிக்கெட்டே பல சமயம் மலிவாக வரும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் இருந்தால் ஊரைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது, அதுவும் வயதானவர்களோடு போகும்போது.

பாரிஸ் மெட்ரோ 1900-ஆம் ஆண்டு ஜூலையில் ஓடத் தொடங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள், எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அது படிகளின் உலகம். 1998-இல் திறந்த 14-ஆம் எண் தடம் ஒன்றுதான் முழுக்க லிஃப்ட் வசதியுள்ளது, மற்ற பழைய தடங்களில் பெரும்பாலான நிலையங்களில் இறங்கப் படி, மாறப் படி, வெளியே வரப் படி. ஷாத்லே நிலையத்தில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடும். அபெஸ் நிலையம் தரைக்கு 36 மீட்டர் கீழே இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, அதற்குக் கூட்டம் நிற்கும். முழங்கால் வலிக்கிற என் அம்மாவுக்கு அந்த நகரத்தில் மெட்ரோ எதிரி, பஸ்தான் நண்பன்.

பஸ்ஸில் தரை தாழ்வாக இருக்கும், சக்கர நாற்காலிக்குப் பலகை நீளும், ஜன்னல் வழியாக ஊர் தெரியும். 69-ஆம் நம்பர் பஸ் ஈஃபில் கோபுரத்துப் புல்வெளியான ஷான் த மார்ஸிலிருந்து கிளம்பி, இன்வலீத், ஓர்சே மியூசியம், லூவ்ர், நகர மன்றம், பஸ்தீய் என்று போய் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி கம்பெத்தாவில் முடிகிறது. சுற்றுலாவுக்கு மாடி பஸ் ஓட்டுகிறார்கள் இல்லையா, அதற்குக் கொடுக்கும் காசில் பாரிஸ் வாரப் பாஸே வாங்கிவிடலாம், பார்ப்பதில் பாதியை 69 காட்டிவிடும்.

ஆனால் இங்கேதான் தனி டிக்கெட் காலை வாரிவிடும். மெட்ரோவிலிருந்து ஆர்.இ.ஆருக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் மாறலாம். பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கோ டிராமுக்கோ ஒன்றரை மணி நேரத்துக்குள் மாறலாம். பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாற முடியாது, இன்னொரு டிக்கெட் வேண்டும். மெட்ரோவை விட்டு வெளியே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாலும் புது டிக்கெட். முழங்கால் வலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் பஸ், படி இல்லாத இடத்தில் கொஞ்சம் மெட்ரோ, நடுவில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, திரும்ப ஏறி, இப்படித்தான் போக முடியும். லா கூர்னேவிலிருந்து டிராமில் வந்து மெட்ரோ பிடித்து ஊருக்குள் போனால் 4.50, திரும்பி வர 4.50, நாளைக்கு 9 யூரோ. அதற்குள் ஊரில் ஒரு பஸ்கூட ஏறவில்லை. டிக்கெட் எடுத்துப் போன நாட்களில் அம்மா இரண்டு நிறுத்தத்துக்குப் பஸ் ஏற மாட்டாள். "இதுக்குப் போய் ரெண்டு யூரோவா, நடந்துடலாம்டா" என்பாள், ராத்திரி காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருவாள். பாஸ் கழுத்தில் தொங்கும்போது அந்தப் பேச்சே எழாது. ஒரு நிறுத்தத்துக்குக்கூட ஏறுவாள். மோன்மார்த்ர் குன்றில் 222 படிகள் இருக்கின்றன, பக்கத்திலேயே இழுவை ரயில். பாஸைத் தட்டி ஏறிப் போய் சாக்ரே கேர் தேவாலய வாசலில் நின்றாள். மழை வந்தால் வருகிற முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடலாம், எங்கே போகிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தப்பான திசையில் ஏறினாலும் நஷ்டமில்லை. காசைக் கணக்குப் பார்த்துப் பார்த்து வைக்கும் அடி வேறு, யோசிக்காமல் வைக்கும் அடி வேறு. லாபம் எத்தனை யூரோ என்பதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆறாம் எண் மெட்ரோ பாஸி நிலையத்திலிருந்து பீர் ஆகேம் வரை சேன் நதியைப் பாலத்தின் மேல் கடக்கும், ஒரு பக்க ஜன்னலில் ஈஃபில் கோபுரம் முழுசாக நிற்கும். பாஸ் இருந்தால் அந்த ஒரு நிலையத் தூரத்தை இப்படியும் அப்படியும் போய் வரலாம். போய் வாருங்கள்.

அப்புறம் இந்தப் பாஸுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் அட்டையின் மேல் ஒரு மரியாதை வரும். 1975-இல் கார்த் ஓரான்ஜ் என்ற மாதப் பாஸ் வந்தது. அதுவரை மெட்ரோவுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. ஆனால் ஊரை வளையம் வளையமாக மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். நடுவில் இருப்பவர்கள் குறைவாகவும், வெளி வளையத்தில் இருப்பவர்கள் அதிகமாகவும் கட்டினார்கள். நாற்பது வருடம் அப்படித்தான். பாரிசுக்குள் வாடகை கொடுக்க முடியாமல் தூரத்துக்குப் போனவர்கள்தான் பயணத்துக்கும் அதிகம் கொடுத்தார்கள். ஓட்டல் சமையலறையில், ஆபீஸ் துப்புரவில், ஆஸ்பத்திரியில் வேலை செய்து விடிகாலை முதல் ரயிலைப் பிடிக்கிறவர்கள் அவர்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் அந்த ரயிலில் இருந்தார்கள்.

2015 செப்டம்பர் 1-ஆம் தேதி இது மாறியது. எந்த மண்டலமாக இருந்தாலும் மாதப் பாஸ் ஒரே விலை, 70 யூரோ. நடு மண்டலத்தில் இருந்தவர்கள் முன்பு கட்டிக்கொண்டிருந்த அதே 70. கடைசி வளையத்தில் இருந்தவர்கள் அதுவரை நூறுக்கும் மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா இதைச் சொல்லும்போது இப்போதும் அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். அந்த மாதப் பாஸ் 2025-இல் 88.80 யூரோ ஆகிவிட்டது, ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் ஒரே விலை என்பதை யாரும் தொடவில்லை. வேலை செய்கிறவர்களுக்கு அதில் பாதியை முதலாளி திருப்பித் தந்தாக வேண்டும், அது சட்டம். அது போக, பதினோரு பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளக் கணக்கின்மேல் போக்குவரத்துக்கென்று ஒரு வரி கட்டுகின்றன, பாரிஸ் வட்டாரத்தில் அது 1971-இல் தொடங்கியது. ரயில் ஓடினால்தான் ஆட்கள் வேலைக்கு வருவார்கள், அதனால் அந்தச் செலவில் முதலாளியும் பங்கெடுக்க வேண்டும் என்ற நியாயம். பயணியின் டிக்கெட் காசு மட்டும் இந்த ரயில்களை ஓட்டவில்லை.

வார விருந்தாளியாகப் போகிற நாம் 31.60 யூரோவுக்கு வாங்குவது இந்த ஏற்பாட்டின் ஒரு துண்டு. அதனால்தான் அது மலிவு. அதனால்தான் அது வட்டாரத்தின் எல்லை வரைக்கும் செல்லுபடியாகிறது. ஒலிம்பிக்ஸ் நடந்த 2024 கோடையில் தனி டிக்கெட்டை 2.15-லிருந்து 4 யூரோவாக ஏற்றினார்கள், சுற்றுலா வருகிறவர்களிடமிருந்து விளையாட்டுக்கான கூடுதல் செலவை எடுக்க வேண்டும் என்றார்கள். மாத, வருடப் பாஸ் வைத்திருந்த ஊர்க்காரர்களை அது தொடவே இல்லை. விருந்தாளி விலை வேறு, வீட்டுக்காரர் விலை வேறு என்பது அந்தக் கோடையில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

இவ்வளவு தூரம் செல்லும் ஒரு பாஸை வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. வெர்சாய்க்கு எல்லோரும் போகிறார்கள், சரி. ஃபோந்தேன்புளோ அரண்மனைக்கும் இதே பாஸ் போதும். பாரிசிலேயே இருக்கும் லியோன் நிலையத்தில் (கார் த லியோன்) ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் இறங்கி, அங்கிருந்து பஸ். வெர்சாயின் கூட்டம் அங்கே கிடையாது. கிழக்கே புரோவேன் இருக்கிறது, கோட்டைச் சுவர் இன்னும் நிற்கும் இடைக்கால ஊர், ஒன்றரை மணி நேரம், யுனெஸ்கோ பட்டியலில் 2001-இல் சேர்ந்தது. ஓவியர் வான்கோ கடைசி நாட்களைக் கழித்த ஓவேர் சுர் உவாஸுக்கு பாரிசின் வடக்கு நிலையத்திலிருந்து (கார் து நோர்) ரயில் மாறிப் போகலாம். 1890 ஜூலையில் அவர் அங்கேதான் இறந்தார். அவரும் தம்பி தேயோவும் பக்கத்துப் பக்கத்துக் கல்லறையில் இருக்கிறார்கள், சுற்றி அவர் வரைந்த அதே கோதுமை வயல்கள். டிஸ்னிலாண்டுக்கும் இதே பாஸ்தான், ஆர்.இ.ஆர். ஏ தடத்தின் கடைசி நிலையம்.

எங்கே செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷாந்தியி கோட்டைக்கு ஆர்.இ.ஆர். டி தடம் நேராகப் போகிறது, அதே ரயில், அதே பெட்டி, ஆனால் ஊர் இல் த பிரான்ஸ் எல்லைக்கு வெளியே. அங்கே பாஸ் செல்லாது. ஓவியர் மோனே வாழ்ந்த ழிவெர்னியும் அப்படித்தான், அது நோர்மாந்தி. இரண்டுக்கும் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது பக்கத்திலேயே இருக்கிறது. லா கூர்னேவில் 7-ஆம் எண் மெட்ரோ முடியும் இடத்தில் டி1 டிராம் பிடித்தால் சேன்-தெனிக்குப் போய்விடலாம். 1992-இல் தொடங்கிய டிராம் அது, அந்த வட்டாரத்தில் பழைய டிராம்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த முதல் புது டிராம். சேன்-தெனி பேராலயத்தில்தான் பிரான்சின் அரசர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயியையும் மரி அந்துவானெத்தையும் 1815-இல் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஞாயிறன்று போனால் பக்கத்தில் சந்தை. கொத்தமல்லிக் கட்டு, மீன், வாழைக்காய், மொரோக்கோ ஆலிவ், துணிமணி, கூச்சல். அம்மா லூவ்ரில் சலிப்போடு நடந்தவள், இந்தச் சந்தையில் ஒரு காலைப் பொழுதை நிம்மதியாகக் கழித்தாள், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினாள். பயணப் புத்தகங்கள் புறநகர் என்றாலே பயமுறுத்துகின்றன. பகல் நேரத்தில் எங்கள் குடும்பம் தினமும் போய் வந்த வழி இது. இரவில் எந்த ஊரிலும் காட்டும் கவனத்தைக் காட்டினால் போதும்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு எப்படியும் போவீர்கள். வடக்கு நிலையத்திலிருந்து உள்ளேயே நடைபாதை வழியாக 2-ஆம் எண் மெட்ரோவின் லா சப்பல் நிலையத்துக்குப் போய்விடலாம். வெளியே வந்தால் ஃபோபூர் சேன்-தெனி தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைகள், பெரும்பாலும் ஈழத்தவர் கடைகள். ஆகஸ்ட் கடைசி வாக்கில் போனால் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா கிடைக்கலாம், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். தேர் நாளில் அந்தப் பக்கம் பஸ்கள் சுற்றிப் போகும், மெட்ரோவில் போங்கள்.

இன்னும் சில விஷயங்கள். பாஸ் இருக்கிறதே என்று தட்டாமல் ஏறாதீர்கள். பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு தடவையும், மாறும்போதும் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் அதற்கும் அபராதம் உண்டு. ஆர்.இ.ஆர். நிலையங்களில் வெளியே வரவும் தட்ட வேண்டும், அதனால் ரயிலில் உட்கார்ந்ததும் அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். ஓர்லியில் இறங்குகிறவர் பாஸ் இல்லாமல், அவசரமும் இல்லாமல் இருந்தால் 13 யூரோ கொடுக்கத் தேவையில்லை. டி7 டிராம் விமான நிலையத்திலிருந்து வில்ழுயிஃப் வரை பஸ்-டிராம் டிக்கெட்டிலேயே வருகிறது. அங்கே 7-ஆம் எண் மெட்ரோ பிடித்தால் மறுமுனை லா கூர்னேவ், மொத்தம் 4.50 யூரோ. நேரம் பிடிக்கும், பெட்டி அதிகம் இருந்தால் வேண்டாம்.

திரும்பும் நாளையும் பார்த்து வையுங்கள். திங்கள் காலை விமானம் என்றால் ஞாயிறு நள்ளிரவோடு பாஸ் முடிந்திருக்கும், ஆளுக்கு 13 யூரோ, நாலு பேர் குடும்பத்துக்கு 52 யூரோ கடைசி ரயிலுக்கே போய்விடும். விலை ஒன்றாக இருந்தால் ஞாயிறு இரவு விமானத்தை எடுங்கள். இரவு பத்து மணிக்குக் கிளம்பும் விமானத்துக்கு மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் புறப்பட்டால் போதும். ஆர்.இ.ஆர். பி தடத்தில் இரவு நேரங்களில் பராமரிப்பு வேலைக்காகப் பாதி வழியில் ரயிலை நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் உண்டு, வேலைநிறுத்தம் என்றால் அறிவிப்பு முன்கூட்டியே வரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் செயலியில் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.